மூலக்கூற்றைப் படம்பிடித்தவர் எவருமிலர்

சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் நிகழ்ந்த அறிவியற் கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தேன். மழைநாள், அவையில் நாற்பதுபேர் வரையிலேதான் இருந்தனர். பேசவந்த அறிஞர் திரையில் ஒரு வளைகோட்டைக் காட்டினார். அது பூச்சியத்தின் அருகே சிறிது ஓடி, திடீரெனக் கீழே வீழ்ந்து, பின்னர் மெல்ல மெல்ல மேலேறிற்று. "இன்றைக்கு மூலக்கூறுகளின் அசைவைச் சினிமாப்படம் போலப் பிடித்துவிடுகிறார்கள்; இதுதான் அந்தப் படம்" என்றார். அவை வியந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவர் பின்வரிசையில் எழுந்து, "சேர், அச்சிலே உறிஞ்சல் என்று போட்டிருக்கிறது. உறிஞ்சல் எப்படிப் பூச்சியத்தை விடக் குறையும்?" என வினவினார். அறிஞர் புன்னகைத்தார். "இதையெல்லாம் தமிழிலே விளங்கப்படுத்த ஏலாது, தங்கச்சி. ஆங்கிலத்திலே வாசித்தால் தானாக விளங்கும்" என்றார். அவை சிரித்தது. மாணவி அமர்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில் அதே வினாவை நான் அவரிடம் ஆங்கிலத்திற் கேட்டேன். அது அப்படித்தான் வரும், கணினி அப்படித்தான் தரும் என்பதே எனக்குக் கிடைத்த விடை. அன்றிரவு காலி வீதியிற் பஸ்ஸுக்காகக் காத்துநின்றபோது எழுந்த சினத்தின் பயனே இக்கட்டுரை.

அவர் விடை அறியாதிருந்தமைக்காக நான் சினக்கவில்லை. அறியாமை எவர்க்கும் உரியது. எனக்கும் நிரம்ப உண்டு. தமது அறியாமையைத் தமிழின் தலையிற் சுமத்தி, வினவிய பெண்ணை அவை நகைக்கும்படி செய்தாரே, அதுவே பொறுக்கவியலாதது. அம்மாணவியின் வினா சிறுபிள்ளை வினா அன்று. இத்துறைக்குள் நுழையும் வாயிலே அவ்வினாதான். அதற்கு விடை உண்டு, தமிழிலும் உண்டு. முதலில் அதனைக் கூறிவிட்டு வழக்கிற்கு வருவேன்.

ஒரு நிறமியின் கரைசலை எடுத்துக்கொள்வோம். அதனூடு வெண்ணொளியைச் செலுத்தினாற் சில அலைநீளங்களை அது உறிஞ்சும், எஞ்சியவற்றைக் கடக்கவிடும். இவ்வளவும் உயர்தர வகுப்பிற் கற்றதே. இனி இரண்டு ஒளித்துடிப்புகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஓர் இலேசரிலிருந்தே பிறந்தவை. ஒரு செக்கனைக் கோடியாற் பிரித்து, வருவதனை மீண்டுங் கோடியாற் பிரித்தாற் கிடைப்பது 10 பெம்தோசெக்கன். இத்துடிப்புகள் ஐம்பது அல்லது நூறு பெம்தோசெக்கன்களே நீடிப்பன. முதலாவது வலிது. அது கரைசலிலுள்ள மூலக்கூறுகளுட் சிலவற்றை, நூற்றுக்கு ஐந்து பத்து என்க, தரைநிலையிலிருந்து அருட்டிய நிலைக்கு ஏற்றிவிடும். இதனை அருட்டுத்துடிப்பு என்போம். இரண்டாவது மெலிது; நிலைமையைத் தான் மாற்றாது, உள்ள நிலைமையை உசாவி வருவது. இது துருவுதுடிப்பு. அருட்டுத்துடிப்புச் சென்று குறித்ததொரு நேரங்கழித்துத் துருவுதுடிப்பு அதே இடத்தைக் கடந்து உணர்கருவியை அடைகின்றது. அடைந்த ஒளியை அளக்கிறோம். பின்னர் அருட்டுத்துடிப்பைத் தடுத்துவிட்டுத் துருவுதுடிப்பை மாத்திரம் செலுத்தி மீண்டும் அளக்கிறோம். முன்னதிற் பெற்ற உறிஞ்சலிலிருந்து பின்னதிற் பெற்ற உறிஞ்சலைக் கழித்தால் வருவதே அன்று திரையில் நாம் கண்ட கோடு.

ஆகவே அந்த அச்சில் இருந்தது உறிஞ்சல் அன்று, உறிஞ்சலின் வேறுபாடு. பணப்பையிலுள்ள காசு பூச்சியத்திற் குறையாது. ஆயின் நேற்றிருந்ததற்கும் இன்றிருப்பதற்குமுள்ள வேறுபாடு தாராளமாகக் குறையெண்ணாய் இருக்கலாம். மாதக்கடைசியில் வெள்ளவத்தைச் சந்தைக்குச் சென்று திரும்பிய எவர்க்கும் இதனை விளங்க ஆங்கிலம் வேண்டியதில்லை.

எதனால் அக்குறைவு ஏற்படுகின்றது? ஏற்றப்பட்ட மூலக்கூறுகள் தரைநிலையில் இப்பொழுது இல்லை. எனவே முன்னர் உறிஞ்சிய அளவுக்கு அக்கரைசல் இப்பொழுது உறிஞ்சாது. நிறம் சற்று வெளிறிவிடுகின்றது. இது தரைநிலை வெளிறல். இன்னொன்றும் உண்டு. அருட்டிய நிலையிலுள்ள மூலக்கூற்றைத் துருவுதுடிப்பின் ஒளியே தட்டி, தன்னைப்போன்ற ஒளியைத் தன் திசையிலேயே காலச் செய்யும். அதாவது, சென்ற ஒளியிலும் கூடிய ஒளி வெளிவரும். இது தூண்டற் காலல். இவ்விரண்டும் கோட்டைக் கீழே இழுப்பன. மாறாக, அருட்டிய நிலையிலுள்ள மூலக்கூறு அதனினும் உயர்ந்த நிலைக்கு ஏறும்பொருட்டு ஒளியை உறிஞ்சலாம்; புதிதாய்ப் பிறந்த விளைபொருளும் உறிஞ்சலாம். இவை கோட்டை மேலே தள்ளுவன. ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒவ்வொரு கணத்திலும் நாம் காண்பது இவை யாவற்றினதும் அட்சரகணிதக் கூட்டுத்தொகை. கோடு பூச்சியத்தில் நிற்குமாயின் அங்கு ஒன்றும் நிகழவில்லை என முடிவுகட்டுபவர் ஏமாந்துபோவார். வரவுஞ் செலவுஞ் சரியாயிருக்கும் கணக்கிலும் பூச்சியமே மிஞ்சும். அதனாற் கடையில் வியாபாரம் நடக்கவில்லை என்று எவருஞ் சொல்வதில்லை.

இனி, நேரம் எவ்வாறு அளக்கப்படுகின்றது? பெம்தோசெக்கனைப் பிரித்தறியவல்ல மின்னணு உணர்கருவி இல்லை. இங்கு பயன்படும் கருவி மிக மந்தமானது. இம்முறைக்கு வேகமான கருவி வேண்டியதுமில்லை. இம்முறையின் அழகு இதிலேயே தங்கியுள்ளது. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்கு வருவதை அறிவோம். ஒரே வேளையில், ஒரே வேகத்தில் இரு தேர்கள் புறப்பட்டன என்றும், ஒன்று நேரே வர மற்றையது கொட்டாஞ்சேனையைச் சுற்றி வருகின்றது என்றுங் கொள்க. பம்பலப்பிட்டியில் நிற்பவருக்கு மணிக்கூடு வேண்டா. சுற்றுவழியின் நீளந் தெரிந்தாற் போதும். பின்வருந் தேர் எவ்வளவு பிந்துமெனச் சொல்லிவிடலாம். ஒளி ஒரு பிக்கோசெக்கனில் 0.3 மில்லிமீற்றர் செல்லும். கண்ணாடியை 0.15 மில்லிமீற்றர் பின்னே நகர்த்தினால் ஒளி போய்வரும் வழி 0.3 மில்லிமீற்றர் நீள்கின்றது. துடிப்பு ஒரு பிக்கோசெக்கன் பிந்துகின்றது. கண்ணாடியைப் 15 சென்ரிமீற்றர் நகர்த்தினால் ஒரு நனோசெக்கன். நேரம் இங்கே அடிமட்டத்தினால் அளக்கப்படுகின்றது.

இந்த உபாயம் இலேசருக்கு முந்தியது. 1899இல் பிரான்சில் ஏபிரகாம், லெமொயின் என்னும் இருவர், மின்பொறியின் ஒளியைக் கண்ணாடிகளாற் சுற்றிவரச்செய்து, திரவமொன்றிலே மின்புலத்தாற் பிறந்த ஒளியியல் விளைவு சில நனோசெக்கன்களுக்குள் மறைவதை அளந்தனர். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையின் ராடர்ப் பணியிலிருந்த ஜோர்ஜ் போட்டர், போரின் பின் கேம்பிரிட்ஜிலே நொறிஷுடன் சேர்ந்து, வலிய ஒளிப்பளிச்சினால் மூலக்கூறுகளைச் சிதைத்து, அடுத்த பளிச்சினால் அச்சிதைவை உசாவும் முறையை 1949ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அவர்கள் 1967இல் ஐகனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். 1960இல் இலேசர் வந்தது. 1987இல் அஹமட் சுவைலின் குழுவினர் அயடீன் சயனைட்டு மூலக்கூறு உடைவதைத் தொடர்ந்து, அவ்வுடைவு ஏறத்தாழ 200 பெம்தோசெக்கன்களில் நிறைவுறுவதைக் காட்டினர். 1999இல் சுவைல் நோபல் பரிசு பெற்றார். அட்டோசெக்கன் துடிப்புகளுக்காக 2023இல் மூவருக்கு அப்பரிசு வழங்கப்பட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி வழக்கு. "சினிமாப்படம்" என்ற சொல்லையே முதலிற் கூண்டில் ஏற்றுகிறேன். 1878இல் மைபிரிட்ஜ் ஓடுகின்ற குதிரையொன்றை வரிசையாய் வைத்த பல கமராக்களாற் படம்பிடித்தார். அங்கே குதிரை ஒன்று, ஓட்டமும் ஒன்று. இங்கே நிகழ்வது அதுவன்று. ஒவ்வொரு துடிப்பும் கோடானுகோடி மூலக்கூறுகளை அருட்டுகின்றது. ஒரு பிக்கோசெக்கனில் உசாவப்பட்ட கூட்டம் வேறு. இரண்டு பிக்கோசெக்கனில் உசாவப்பட்ட கூட்டம் வேறு. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஆயிரக்கணக்கான முறை அளந்து சராசரி காண்கிறோம். இவ்வாறு பெற்ற புள்ளிகளை இணைத்து, இதோ ஒரு மூலக்கூற்றின் கதை என்கிறோம். அக்கதை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கண்ட காட்சி அன்று, கட்டிய அனுமானம். சுவைல்கூடச் சயனைட்டு மூலிகம் உறிஞ்சத்தக்க அலைநீளத்தைத் தேர்ந்து, அதனால் எழும் புளோரொளிர்வை அளந்தே, மூலகம் மூலகத்தைப் பிரிந்த கதையைச் சொன்னார். அவர் கமரா என்னும் உவமையைக் கையாண்டபோது அதன் பின்னே அவ்வளவு எச்சரிக்கையும் இருந்தது. நம் மேடைகளில் எச்சரிக்கை போய்விட்டது; உவமை மாத்திரம் எஞ்சியிருக்கின்றது.

உவமைதானே, இதிற் கெடுதி என்ன என்பாருளர். கெடுதி உண்டு. படத்தை எவரும் குறுக்குவிசாரணை செய்வதில்லை. அனுமானத்தையோ செய்தே ஆகவேண்டும்.

எவ்வளவு சிறிய பொருளை நாம் விசாரிக்கிறோம் என்பதையும் எண்ணிப்பாருங்கள். இத்தகைய அளவீடுகளில் உறிஞ்சல் வேறுபாடு ஆயிரத்திலொன்றாக இருப்பது சாதாரணம். அப்படியாயின், உணர்கருவியை அடையும் ஒளியில் ஏற்படும் மாற்றம் நூற்றுக்கு 0.23 மாத்திரமே. இலேசரோ துடிப்புக்குத் துடிப்பு இதனினும் அதிகமாகத் தள்ளாடக்கூடியது. மூக்குத்தியின் நிறையை அறிவதற்காக, அதை அணிந்த பெண்ணை ஒருமுறையும் கழற்றிய பெண்ணை ஒருமுறையும் நிறுத்துக் கழிப்பதை ஒத்தது இவ்வேலை. செட்டியார் தெருத் தட்டார் இதனைக் கேட்டாற் சிரிப்பார். ஆயினும் வேலை நடக்கின்றது; எவ்வாறெனில், ஒரு செக்கனில் ஆயிரம் துடிப்புகள் வர, சுழலுந் தடுப்பொன்றினால் ஒன்றுவிட்டொன்றாய் அருட்டுத்துடிப்பு மறிக்கப்படுகின்றது. அடுத்தடுத்த இரு துடிப்புகளின் இடைவெளி ஒரு மில்லிசெக்கனே ஆதலால், மெல்ல மாறும் பிழைகள் இரண்டிலும் ஒத்திருந்து கழிந்துவிடுகின்றன. எஞ்சிய தள்ளாட்டம் அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கேற்பவே குறையும். பிழையைப் பத்திலொன்றாக்க நூறு மடங்கு அளக்கவேண்டும். பொறுமைதான் இங்கே கருவி.

இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற கோட்டை அடுத்து என்ன செய்கிறோம்? மென்பொருளுக்குக் கொடுக்கிறோம். அது மூன்று அடுக்குக்குறிச் சார்புகளைப் பொருத்தி, 1.3 பிக்கோசெக்கன், 14 பிக்கோசெக்கன், 220 பிக்கோசெக்கன் என்றாற்போல மூன்று எண்களைத் தருகின்றது. அவற்றை அட்டவணையாக்கி ஆய்வேட்டில் இடுகிறோம். எது 14 பிக்கோசெக்கன் வாழ்ந்தது என்று கேட்டால் விடை இல்லை. இது தமிழ் மாணவரின் குறை என்று எவரும் எண்ணவேண்டா. உலகெங்கும் உள்ள நோய். ஆனால் உலகத்தாருக்கு அதனைத் தாய்மொழியில் வைது திருத்தும் ஆசிரியர் வாய்க்கின்றனர். நமக்கு வாய்ப்பதில்லை.

இந்நோயின் வேர் எங்கே உள்ளது என்று காட்ட ஓருதாரணம் சொல்வேன். மாலையிற் புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் நிற்குஞ் சனத்தொகை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவுங் குறைகின்றது என்க. வெள்ளவத்தைக்குச் செல்வோர் ஒருசாரார், அவர்களுக்குப் பஸ் அடிக்கடி உண்டு. தொலைவூர் செல்வோர் மற்றொருசாரார், அவர்களுக்குப் பஸ் அரிது என விளக்கலாம். அன்றி, எல்லாரும் ஒரே சாரார்தாம். முதலில் யாவரும் வரிசையினின்றும் ஓரமாய்ப் போய்த் தேநீர்க் கடையிற் சிறிது தங்கி, அங்கிருந்து மெல்லப் புறப்படுகின்றனர், கடையில் இருப்போரை நாம் பாதிக்கணக்காய் எண்ணிவிட்டோம் எனவும் விளக்கலாம். தலைகளை மாத்திரம் எண்ணியவருக்கு இவ்விரு விளக்கங்களும் ஒரே அளவு பொருந்தும். மூலக்கூறுகளிலும் அஃதே. இணையாக அழியும் இரு இனங்களா, ஒன்றிலிருந்து ஒன்றாய் மாறும் தொடரா என்பதைப் பொருத்தத்தின் சிறப்புச் சொல்லாது. இரண்டும் அதே கோட்டை அதே செம்மையுடன் தரும். எதனைக் கொள்வது என்பதை இரசாயன அறிவும் வேறு சோதனைகளுமே தீர்மானிக்க வேண்டும். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதைப் பொறுத்து இயற்கையின் பொறிமுறை மாறிவிடாது.

பெரியோரும் இதில் வழுக்கியதுண்டு. ஒளித்தொகுப்பிலே பச்சையத்தில் அருட்டல் எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பதை 1970களிற் பிக்கோசெக்கன் இலேசர்களைக் கொண்டு, புளோரொளிர்வின் மூலம் அளந்தவர்கள் எதிர்பார்த்ததிலும் மிகக் குறுகிய காலங்களைப் பெற்றனர். 1976ஆம் ஆண்டளவிலேதான் காரணம் தெளிவாயிற்று. துடிப்பு அளவுக்கு மீறி வலிதாயிருந்தமையால் அருகருகே பல அருட்டல்கள் பிறந்து, ஒன்றையொன்று சந்தித்து அழிந்துபோயின. அவர்கள் அளந்தது இலையின் இயல்பை அன்று. தங்கள் இலேசரின் முரட்டுத்தனத்தை. பின்னர் 2007இல், அருட்டு–துருவு முறையின் நெருங்கிய உறவான இருபரிமாண நிறமாலை முறையினால், பச்சைக் கந்தக பற்றீரியாவின் புரதமொன்றில் நீடித்த துடிப்பலைகளைப் பேர்க்கிலிக் குழுவினர் கண்டு, அவை இலத்திரன் நிலைகளின் குவாண்டம் ஒத்திசைவு எனக் கூறினர். இலை குவாண்டம் கணினிபோல வேலைசெய்கின்றது என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நம்மவர் சிலர் அதற்கு வேதாந்த விளக்கமும் எழுதினர். ஆனால் 2017இலும் 2020இலும் வெளியான மறுபரிசீலனைகள், நீண்டு நின்ற அவ்வலைகள் பெரும்பாலும் மூலக்கூற்றதிர்வுகளினால் எழுந்தவை என்ற முடிவுக்கு வந்தன. அளவீடு பிழைக்கவில்லை. வாசிப்பே பிழைத்தது. வேதாந்த விளக்கத்தை எவரும் திரும்பப் பெற்றதாக நான் காணவில்லை.

இவை தொலைதேசத்துக் கதைகள் என ஒதுக்குவதற்கில்லை. கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோனும் அவருடன் உழைத்தோரும் 1995இல், தைத்தானியம் ஈரொட்சைட்டின் நுண்துளைப் படலத்தைச் சயனிடின் என்னும் பூநிறமியாற் சாயமூட்டி, செம்பு அயடைட்டைச் சேர்த்து, திரவமேதுமற்ற சூரியக்கலத்தை உருவாக்கியதை அறிவித்தனர். நம் தீவிற் செய்யப்பட்ட விஞ்ஞானங்களுள் உலகம் திரும்பிப்பார்த்தவற்றுள் இதுவும் ஒன்று. அக்கலம் ஏன் வேலைசெய்கின்றது? நிறமியில் அருட்டப்பட்ட இலத்திரன், மீண்டுந் தரைநிலைக்கு வீழுமுன்னர் ஒட்சைட்டுக்குள் பாய்ந்துவிடுவதாலேயே. எவ்வளவு விரைவிற் பாய்கின்றது? அத்தகைய பழநிறமிகளைக்கொண்டு 1997இல் வெளியான ஓர் அளவீடு நூறு பெம்தோசெக்கனுக்கும் குறைவு என்றது. அதனை அறிந்தது அருட்டு–துருவு முறையினாலேயே. அருட்டிய நிறமியும், இலத்திரனை இழந்த நிறமியும், ஒட்சைட்டிற் புகுந்த இலத்திரனும் ஏறத்தாழ ஒரே அலைநீளங்களில் உறிஞ்சக்கூடியவை. ஆகையால் தோன்றிய சைகை எவருடையது என்பதே பெரும் வழக்கு. இத்துறையினர் அதே நிறமியைச் சேர்க்கோனியம் ஈரொட்சைட்டின் மேற் பூசி மீண்டும் அளப்பர். அப்பொருளினுள் இலத்திரன் புகுதற்குச் சக்தி போதாது. அங்கு மறையும் சைகை பாய்ந்த இலத்திரனுக்குரியது. அங்கும் எஞ்சுவது நிறமிக்குரியது. இது வழக்கறிஞரின் மூளை. நீதிமன்றங்களில் நாள்தோறும் தமிழிலும் நடக்கும் வேலை. விஞ்ஞானத்தில் மாத்திரம் ஏன் தமிழால் ஏலாது?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் ஒன்று இயங்கிவருகின்றது. இலேசர்ப் பளிச்சு முறைகளும் பெம்தோசெக்கன் முறைகளும் அங்கே தமிழ்ப்பிள்ளைகளின் கைகளிற் பழகுகின்றன. கருவியைத் திருப்புகையில் அவர்கள் தமிழிற் பேசிக்கொள்வர் என்பதிற் சந்தேகமில்லை. பேசுவது எழுத்தில் வருவதில்லை, அதுவே குறை.

இங்கே இரு திறத்தார் என்மேற் பாய்வர். முதற்றிறத்தார், ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன, பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திற் போதனையும் ஆங்கிலத்திலேயே, பின் தமிழ் எதற்கு என்பர். ஆய்வேட்டைத் தமிழில் எழுதுக என நான் கூறவில்லை. ஆங்கிலத்தை நன்றாகக் கற்க வேண்டும், ஐயமேயில்லை. ஆயின் பதின்மூன்றாண்டு தமிழில் சிந்தித்து வந்த பிள்ளை, விரிவுரை மண்டபத்தில் முதன்முதல் இழப்பது சொல்வளத்தை அன்று. மறுத்துக் கேட்கும் துணிவை. ஆங்கிலத்தில் விடையை மனனம் பண்ணலாம். சந்தேகத்தை மனனம் பண்ணமுடியாது. சந்தேகப்படத் தெரியாதவன் கையில் அருட்டு–துருவுக் கருவி வெறும் எண் அச்சிடும் பொறி. மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1873இல் மீளுமுன்னர், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கிச் சென்றார். அந்நியர் ஒருவருக்கு இயன்றது, நமக்கு ஒன்றரை நூற்றாண்டின் பின் இயலாதாம்.

இரண்டாந் திறத்தாரே எனக்குக் கூடிய அச்சம் தருபவர். ஏனெனில் அவர்கள் என் கட்சியில் நிற்பதாய் எண்ணிக்கொள்வர். ஒரு சொல்லை ஆக்கிவிட்டால் ஒரு துறையை வென்றுவிட்டதாகக் கருதும் கூட்டம் இது. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்தமை உண்மை. ஓசையை அளக்கப் புகுந்தவர் அதற்கேற்ற அலகைத் தேர்ந்தார். அதுவே அவர் பெருமை. அதிலிருந்து பெம்தோசெக்கனை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடையேறி முழங்குவது அவரை அவமதிப்பதாகும். கண்ணிமைப்புச் செக்கனிற் பத்திலொரு பங்கு வரையில் நீடிப்பது. அதற்கும் பெம்தோசெக்கனுக்கும் இடையே பதினான்கு பூச்சியங்கள் கிடக்கின்றன. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானவர். 1947இல் வெளியான யாழ் நூலிலே அவர் பழமையைப் புகழ்ந்து நின்றுவிடவில்லை. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டார். கணக்கிட்டமையால் அவரோடு முரண்படவும் இயலுகின்றது. முழக்கத்தோடு முரண்பட எவராலும் இயலாது.

சொற்கள் நமக்கு இல்லாமலுமில்லை. அருட்டல், காலல், மீடிறன், தரைநிலை ஆகியன நம் உயர்தரப் பாடநூல்களிலேயே கிடக்கின்றன. அருட்டுத்துடிப்பு, துருவுதுடிப்பு என்று நான் இணைத்தவை பிடிக்காவிடின் வேறு ஆக்குக. நீர்ப்பம்பியின் பெயரை மாத்திரம் இங்கே கொண்டுவராதிருந்தாற் போதும். சொல் பற்றிய சண்டையில் எனக்கு நாட்டமில்லை. அச்சொற்களைக்கொண்டு கேட்கப்படவேண்டிய கேள்விகளிலேயே நாட்டம். அருட்டுத்துடிப்பின் வலிமையைப் பாதியாக்கினாற் சைகையும் பாதியானதா, அதன் வடிவு மாறாதிருந்ததா? கரைப்பானை மாத்திரம் வைத்து அளந்தீர்களா? இரு துடிப்புகளும் ஒருங்கே சேருங் கணத்தில் வெறுங் கரைப்பானும் கண்ணாடிக் கலமுமே ஒரு போலிச் சைகை தருமே, அதனை எவ்வாறு கழித்தீர்கள்? துருவுதுடிப்பு வெண்ணொளியாயின் அதிற் செந்நிறம் முந்தியும் நீலம் பிந்தியும் வந்திருக்குமே, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் பூச்சிய நேரத்தைத் திருத்தினீர்களா? மூலக்கூறுகள் சுழல்வதால் ஏற்படும் மாற்றத்தை அழிவெனக் கொள்ளாதிருக்க, இரு துடிப்புகளின் முனைவாக்கத் தளங்களை 54.7 பாகையில் வைத்தீர்களா? மாதிரி திண்மப் படலமாயின், அது சூடேறியமையாற் பெயர்ந்த உறிஞ்சலைப் புதிய இனமென்று எண்ணிவிட்டீர்களா? இவற்றுள் ஒன்றேனும் தமிழிற் கேட்கவியலாததா? வெள்ளவத்தைக் கூட்டத்தில் இவற்றுள் ஒன்றேனும் கேட்கப்பட்டிருக்குமாயின் அன்றைய சிரிப்பு வேறு திசையிற் சென்றிருக்கும்.

அம்மாணவியைப் பின்னர் ஒருநாள் சந்தித்தேன். மேலே எழுதிய விளக்கத்தைத் தாளிற் படம்வரைந்து சொன்னேன். மூக்குத்தி உவமையில் மாத்திரம் சிரித்தார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சேர், முதல் துடிப்பினுடைய ஒளி கொஞ்சம் சிதறி உணர்கருவிக்குள்ளே போனால், கருவி அதையும் கூடுதலான ஒளி என்றுதானே எண்ணும்? அப்ப அதுவும் கோட்டைக் கீழேதானே இழுக்கும்?" என்றார். ஆம் என்றேன். முதல் துடிப்பைத் திறந்தபொழுது மாத்திரம் வருகின்ற ஒளியாதலால் அது கழிபடாது, வெளிறல்போலவே தோற்றும். "அப்ப அது துருவுதுடிப்பு முந்தி வருகிற நேரத்திலேயும் இருக்குமே, சேர். பூச்சியத்துக்கு இடப்பக்கத்தைப் பார்த்தால் பிடிபடும்" என்றார்.

அன்றைய திரையை நான் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வைத்திருந்தேன். இருவரும் அதனைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கோடு வீழ்வதற்கு முன்னர், பூச்சிய நேரத்தின் இடப்பக்கத்தில், அது பூச்சியத்தில் ஓடவில்லை. சற்றுக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது.